பரீட்சைக் காலமும் பெற்றோரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கும் ஆள்தான் மாறுகிறார். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன்: படிப்பது பிள்ளையின் வேலை, அந்த வேலைக்கு வீட்டைத் தோதாக வைத்திருப்பது பெற்றோரின் வேலை. இரண்டையும் பெற்றோரே செய்யப் போகும்போதுதான் சண்டை வருகிறது.

1. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சாப் போதும்?

மணிக்கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. "மூன்று மணி நேரம் இயற்பியல்" என்பது திட்டமே அல்ல. "ஒளியியலில் பத்துக் கணக்கு, விடை சரிபார்த்து முடிப்பது" என்பது திட்டம். முன்னதில் நேரம் போனால் போதும். பின்னதில் வேலை முடிய வேண்டும். அதனால் "எவ்வளவு நேரம் படிச்சே?" என்பதைவிட "நாளைக்கு எதை முடிக்கப் போறே?" என்று முதல் நாள் இரவில் ஒரு முறை கேட்பது மேல். நடுவில் ஓய்வு 25 நிமிடத்துக்கு ஒரு முறையா 50 நிமிடத்துக்கு ஒரு முறையா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது: ஒரே பாடத்தை ஒரே நாளில் அடைப்பதைவிடப் பல நாட்களில் பிரித்துப் படிப்பது குறைந்த உழைப்பில் அதிகம் நிற்கும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து எழுதிவைத்தது. ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பார்த்துக் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது.

2. நாள் பூரா புத்தகமும் கையுமாத்தான் இருக்கான். கேள்வி கேட்டா திருதிருன்னு முழிக்கிறான். என்ன கோளாறு?

படித்ததையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாவது முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போய்விடுகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தை மூடினால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்த பத்திதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்த பத்தியில் 56 விழுக்காடு நின்றது, மறுபடி படித்ததில் 42 விழுக்காடுதான். பிள்ளைகளை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிட முடிவு. படித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், முதல் பதிலில் சொன்னபடி நாட்களைப் பிரித்துப் படிப்பதும் மேலே வந்தன. அடிக்கோடிடுவதும் மறுபடி படிப்பதும் கீழே போயின. ஐந்து நிறத்தில் ஹைலைட்டர் கேட்கும் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், ஆனால் உண்மை அதுதான். பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது.

3. அவங்க பாடமே எனக்குப் புரியாது. நான் என்ன உதவி செய்ய முடியும்?

புரியாததே ஒரு வசதி. புத்தகத்தை நீங்கள் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று பத்து நிமிடம் கேளுங்கள். திருத்த வேண்டாம், குறுக்கே பேச வேண்டாம். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாரோ, எங்கே "அது வந்து…" என்று இழுக்கிறாரோ, அங்கேதான் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. அது அவருக்கே தெரிந்துவிடும். பாடம் தெரிந்த பெற்றோர் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம். ஒரு கணக்கு வாத்தியாரின் மகனைவிட மற்ற பிள்ளைகளுக்கு இது சுலபமாக நடக்கும். உங்களிடம் சொல்லிக் காட்டப் பிடிக்காத பிள்ளை நண்பனிடம் சொல்லட்டும். பலன் ஒன்றுதான்.

மற்றபடி பழைய வினாத்தாள்களை அச்செடுத்து வைப்பது, பரீட்சை அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது, நுழைவுச்சீட்டையும் பேனாக்களையும் முதல் நாளே எடுத்துவைப்பது, மையத்துக்குப் போகும் வழியையும் நேரத்தையும் பார்த்துவைப்பது. எல்லாம் சில்லறை வேலைகள்தான். ஆனால் பிள்ளையின் தலையிலிருந்து இறங்கும் சுமை சில்லறை அல்ல.

4. ராத்திரி ஒரு மணி வரை முழிச்சுப் படிக்கிறா, காலையில எழவே மாட்டேங்கிறா. விடிகாலையில படிச்சாத்தானே மனசுல நிக்கும்?

பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின், சிறு வயதில் சுரந்த நேரத்தைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம்வரைகூடத் தள்ளிப்போகலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் போன்றோர் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே இரவு பத்து மணிக்கு உற்சாகமாக இருப்பதும் காலை ஐந்து மணிக்கு எழ முடியாததும் சோம்பேறித்தனம் இல்லை. சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழும் பிள்ளைக்கு விடிகாலை நல்ல நேரம். பன்னிரண்டு மணிக்குப் படுத்தவளை நாலரைக்கு எழுப்பினால், படிப்பு கூடுவதில்லை, தூக்கம்தான் குறைகிறது.

13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் சொன்ன அளவு. பரீட்சை வந்தால் இதில்தான் முதலில் கை வைக்கிறோம். பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்தும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. கடைசி இரண்டு பாடங்களுக்காகக் கண் விழிப்பது, கையில் இருக்கும் முதலைக் கொடுத்து வட்டியை வாங்குவது மாதிரி.

பரீட்சை காலையில் என்றால், இரண்டு வாரம் முன்பிருந்தே எழும் நேரத்தைப் பதினைந்து நிமிடம், பதினைந்து நிமிடமாக முன்னால் கொண்டுவாருங்கள். எழுந்ததும் வெளிச்சம் படும் இடத்தில் இருக்கட்டும். விடுமுறை நாளில் நண்பகல்வரை தூங்கினால் சேர்த்ததெல்லாம் போய்விடும். மதியம் இருபது நிமிடக் குட்டித் தூக்கத்துக்குத் தடையில்லை.

5. தூக்கம் வராம இருக்க காபி, எனர்ஜி டிரிங்க் குடுக்கலாமா?

காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். குடித்துப் பழகிய பிள்ளை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பழகாத பிள்ளைக்குப் பரீட்சை அன்று முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். குழந்தைகளும் பதின்ம வயதினரும் அதைத் தொடக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2011-லேயே சொல்லிவிட்டது.

6. ஞாபக சக்திக்கு டானிக், மாத்திரை ஏதாவது?

வேண்டாம். எப்போதும் சோர்வாக, வெளிறிப்போய் இருந்தால் இரத்தசோகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள். இருந்தால் அவர் சிகிச்சை தருவார். கவனக்குறைபாட்டுக்காக வேறொரு மாணவருக்கு எழுதித் தந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஆபத்து.

7. போனைப் பிடுங்கி வச்சிடலாமா?

பிடுங்கினால் அன்று மாலை முழுக்கப் போனைப் பற்றிய சண்டையில் போகும். படிக்கும் நேரத்தில் போன் வேறு அறையில், இரவில் படுக்கையறைக்கு வெளியே: இந்த இரண்டை மட்டும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மேசை மேல் கவிழ்த்து வைத்தால் போதாதா என்பார்கள். போன் கண்ணில் பட்டாலே கவனம் சிதறும் என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வு 2017-இல் சொன்னது. பிறகு மறுபடி செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அந்த வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். எழுந்துபோய் எடுக்க வேண்டியிருந்தால் எடுப்பது குறையும், அதற்கு ஆய்வு தேவையில்லை.

இதே விதி உங்களுக்கும் பொருந்தும். வரவேற்பறையில் நீங்கள் சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டு உள்ளே அமைதியை எதிர்பார்க்க முடியாது. பாட்டு கேட்டுக்கொண்டே படிப்பது பற்றியும் கேட்கிறார்கள்: சொற்கள் உள்ள பாட்டு, சொற்களைப் படிக்கும் வேலைக்கு இடைஞ்சல். கணக்குப் போடும்போது மெல்லிய இசை ஓடினால் விட்டுவிடுங்கள்.

8. "படி, படி"ன்னு சொல்லலைன்னா படிக்கவே மாட்டான். சொல்லாம எப்படி இருக்கிறது?

சொல்லுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறை, நேரம் குறித்து. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம்: இன்று என்ன முடிந்தது, நாளை என்ன, என்னிடம் ஏதாவது வேண்டுமா. இந்த மூன்றோடு சரி. மற்ற நேரத்தில் அவன் அறையைக் கடந்து போகும்போது வாய் வரை வரும் கேள்வியை விழுங்கிவிடுங்கள். நாளுக்குப் பத்து முறை கேட்டால் அந்தச் சொல் காதில் விழுவதே நின்றுபோகும், பின்னணியில் ஓடும் மின்விசிறிச் சத்தம்கூட அதைவிடக் கவனம் பெறும்.

சும்மா விட்டால் படிக்காமலே இருப்பவனுக்குப் பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பது வெளியிலிருந்து பார்த்தால் அலட்சியமாகத் தெரியும். அப்போது "பத்தே நிமிடம், இந்த ஒரு கேள்வி" என்று தொடக்கத்தை மட்டும் சிறிதாக்கிக் கொடுங்கள்.

9. தைரியம் வரட்டும்னு "நீ புத்திசாலி, உனக்கு வராதா"ன்னு சொல்றேன். அதுவுமா தப்பு?

நல்ல எண்ணம்தான், ஆனால் வேறு விதமாக வேலை செய்யும். கிளாடியா முல்லர், கேரல் டிவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்றும் சிலரை நன்றாக முயன்றாய் என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். அதற்கடுத்த சுற்றில் புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறினார்கள். பட்டம் கொடுத்தால் அதை இழந்துவிடும் பயமும் கூடவே வருகிறது. "போன தடவை விட்ட கணக்கை இந்தத் தடவை மூணு வழியில போட்டுப் பார்த்தியே" என்பதுபோல் நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்காததைப் பாராட்டினால் பதினாறு வயதுக்குத் தெரிந்துவிடும்.

10. தங்கச்சி நல்லா படிக்கிறா. அவளைச் சொல்லிக் காட்டினா ரோஷம் வருமே?

வரும். தங்கை மேல் வரும்.

11. நல்ல மார்க் எடுத்தா புது போன் வாங்கித் தர்றேன்னு சொல்லலாமா?

மதிப்பெண் பிள்ளையின் கையில் முழுதாக இல்லை. வினாத்தாள் கடினமாக வந்தால் என்ன செய்வார்? ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளியலாளர் அமெரிக்கப் பள்ளிகளில் நடத்திய பெரிய சோதனையின் முடிவுகள் 2011-இல் வந்தன. தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தந்த ஊர்களில் படிப்பு உயரவில்லை. புத்தகம் ஒன்றைப் படித்து முடித்தால் இவ்வளவு என்று தந்த இடத்தில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் மட்டும் வாசிப்பு முன்னேறியது. மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. புத்தகம் படிக்கத் தெரிந்திருந்தது. பரிசு கொடுத்தே தீர வேண்டுமென்றால், "இந்த வாரம் மூன்று மாதிரித் தேர்வு எழுதி முடித்தால்" என்று செய்யக்கூடியதற்குச் சிறிதாகக் கொடுங்கள். பெரிய பரிசைப் பரீட்சை முடிந்த மறுநாள், மதிப்பெண் வருமுன்பே கொடுத்துவிடுவது என் விருப்பம்.

12. வீட்ல எல்லாம் சொல்றா. ஹாலுக்குப் போனதும் மறந்துடுதுங்கிறா. பொய் சொல்றாளா?

இல்லை. கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களைத் தாங்கிப் பிடிக்கும் சிறு நினைவிடம் ஒன்று மூளையில் இருக்கிறது. கவலை வந்தால் "தோத்துட்டா என்ன ஆகும்" என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. பாடத்துக்கு இடம் குறைகிறது. ஆனால் வீட்டில் சொன்னது புத்தகத்தைத் திறந்துவைத்தா மூடிவைத்தா என்பதையும் பாருங்கள்; மறந்துவிட்டது என்பதில் பாதி 2-வது கேள்வியின் விவகாரமாக இருக்கும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011-இல் காட்டிய வழி எளிது: தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், அந்தத் தேர்வைப் பற்றிய பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுவது. அதிகம் பதறும் மாணவர்களுக்கே இது அதிகம் உதவியது. எழுதியதை யாரும் படிக்க வேண்டாம். இன்னொன்று: "பதறாதே, அமைதியா இரு" என்று சொல்லாதீர்கள். படபடப்பை அமைதியாக்குவதைவிட, அதை உற்சாகம் என்று பெயர் மாற்றிக்கொள்வது எளிது. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் கணக்கிலும் மேடைப் பேச்சிலும் மேலாகச் செய்தார்கள்.

கொஞ்சம் பயம் இருந்தால்தான் படிப்பு ஓடும் என்று சிலர் வாதாடுவார்கள், 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் கண்டதைத் துணைக்கு இழுப்பார்கள். அவர்கள் சோதித்தது எலிகளை, மின்னதிர்ச்சி கொடுத்து. அதிலும் வேலை கடினமாக இருந்தபோது மிதமான அதிர்ச்சியே போதுமாக இருந்தது.

13. எழுதிட்டு வந்ததும் வினாத்தாளை வச்சு எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுடலாமா?

அன்று வேண்டாம். போன பரீட்சையில் மாற்ற எதுவும் இல்லை, அடுத்ததில் இருக்கிறது. "களைப்பா இருக்கா, சாப்பிடறியா" போதும். பிள்ளையே பேச வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்; நண்பர்களோடு விடை ஒப்பிடும் கூட்டத்திலிருந்து மெல்லக் கிளப்பிக் கூட்டி வருவதும் நல்லது.

14. நாளைக்குப் பரீட்சை, பாதிப் பாடம் பாக்கி. இப்ப என்ன பண்றது?

பாக்கியை முழுக்க முடிக்க முயலக் கூடாது. பழைய வினாத்தாள்களில் எந்தப் பகுதியிலிருந்து அதிக மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதில் அரைகுறையாகத் தெரிந்ததை முதலில் எடுக்கட்டும். ஒன்றுமே தெரியாததைவிட, பாதி தெரிந்ததை முழுதாக்குவது சீக்கிரம் நடக்கும். பிறகு தெரிந்ததை மூடிவைத்து ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, வழக்கமான நேரத்தில் படுக்கை. ஏன் என்பது 4-இல் இருக்கிறது. "முன்னாடியே சொன்னேனே" என்பதை இன்று சொல்லாதீர்கள். சொல்வதற்கு வருடத்தில் வேறு நாட்கள் இருக்கின்றன.

15. வீட்ல ஒரு கெட்ட செய்தி. பரீட்சை முடியற வரைக்கும் மறைச்சிடலாமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. பெரியவர்கள் நடுவில் தீர்ந்துவிடக்கூடிய பணப் பிரச்சினை, உறவில் ஏதோ மனக்கசப்பு என்றால் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். நெருங்கியவரின் மரணம், பெற்றோரில் ஒருவருக்குத் தீவிர நோய், பிரிவு போன்றவற்றை மறைக்க நினைப்பவர்கள் வீட்டில் காற்றே மாறிவிடுவதை மறந்துவிடுகிறார்கள். மூடிய கதவுக்குப் பின் பேச்சு, சிவந்த கண்கள்: பிள்ளை எப்படியும் மோப்பம் பிடிக்கும், உண்மையைவிட மோசமாகக் கற்பனை செய்யும். வேறு யார் மூலமாகவாவது தெரிந்தால் பிறகு உங்கள் வார்த்தையை நம்ப நாளாகும். இறந்தவரிடம் கடைசியாக விடைபெறக் கிடைக்காமல் போனதைப் பலர் வாழ்நாள் முழுக்க மன்னிப்பதில்லை.

சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். பரீட்சை எழுதுவதா, அடுத்த வாய்ப்பில் எழுதுவதா என்பதில் பிள்ளைக்கும் பேச்சு இருக்கட்டும். பள்ளிக்கும் தகவல் சொல்லுங்கள்.

16. எது சாதாரணப் பரீட்சை பயம், எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

பரீட்சை அன்று வயிற்றைப் பிசைவது, எரிந்து விழுவது, ஓரிரு இரவு தூக்கமின்மை: இவை வந்து போகும். இரண்டு வாரமாகியும் சோகம் விலகாதது, பிடித்தவற்றில்கூட நாட்டமில்லாதது, சாப்பாடும் தூக்கமும் வெகுவாக மாறுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, மூச்சுத்திணறலும் நடுக்கமும் அடிக்கடி வருவது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

"நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற பேச்சு, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, உடலில் காயப்படுத்திக்கொண்ட தடம் ஆகியவை தெரிந்தால் அன்றே, அப்போதே. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. கேட்டது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லியையும் கூர்மையான பொருட்களையும் கைக்கெட்டாமல் அகற்றுங்கள், மருத்துவமனைக்கோ நெருக்கடி உதவி எண்ணுக்கோ உடனே போங்கள். பரீட்சையை மறுபடி எழுதலாம்.

17. அவளைவிட எனக்குத்தான் பயமா இருக்கு. அது தெரியக் கூடாதுன்னு சிரிச்சுக்கிட்டே இருக்கேன்.

அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. "எனக்கும் கொஞ்சம் படபடப்பாத்தான் இருக்கு, அது என் பாடு, நீ பார்த்துக்க வேண்டியதில்லை" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, உங்கள் பயத்தை உங்கள் வயதுக்காரர் யாரிடமாவது கொட்டுங்கள். பெற்றோர் கவலையைத் தாங்கும் வேலையையும் பிள்ளை சேர்த்துச் செய்யக் கூடாது.

18. ரிசல்ட் அன்னைக்கு எதிர்பார்த்த மார்க் வரலைன்னா என்ன பேசறது?

அதிகம் பேச வேண்டாம். பிள்ளை தனியாக முடிவைப் பார்க்காமல், வீட்டில் நீங்களும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏமாற்றம் உங்கள் முகத்தில் தெரிந்தால் மறைக்க முயல வேண்டாம், "நானும் எதிர்பார்த்தேன், வருத்தமாத்தான் இருக்கு, சேர்ந்து பார்த்துக்கலாம்" என்றால் போதும். காரணம் தேடும் விசாரணைக்கு இது நாள் இல்லை. மதிப்பெண் கேட்டு வரும் உறவினர் அழைப்புகளை நீங்களே எடுங்கள். எண்ணைச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 16-இல் சொன்ன அறிகுறிகளை அடுத்த சில வாரங்களுக்குக் கூடுதலாகக் கவனியுங்கள்.

மறுகூட்டல், மறுமதிப்பீடு, துணைத்தேர்வு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எதுவென்று மட்டும் அன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சை இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கினாலும் நேரம் இருக்கும். அந்தத் தேதி காத்திருக்காது.